சிறுவயது ஹலோவீன் உடைகளும் காகித அலங்காரங்களும்: திருகோணமலைக் காற்றில் எப்படிக் காப்பது?

கேள்வி: அலஸ்தோட்டத்தாள்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் பிறந்தது திருகோணமலையில், வளர்ந்தது ரொறன்ரோவில். 1983ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் அப்பா முதலில் கனடாவுக்குப் போய், பிறகு அம்மாவையும் தம்பியையும் என்னையும் அழைத்துக்கொண்டார். இப்போது அலஸ்தோட்டத்தில் அம்மாவின் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். அங்கிருந்து கப்பலில் வந்த சாமான்களுக்குள் ஒரு றங்குப்பெட்டி. அம்மா அதில் நாங்கள் சிறுவயதில் ஹலோவீனுக்கு, அதாவது பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுப் போகும் இரவுக்கு, உடுத்திய உடைகளையும், அடுக்குமாடி வீட்டின் யன்னலில் ஒட்டிய காகித அலங்காரங்களையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

தம்பியுடையது எலும்புக்கூட்டு உடை. கறுப்புத் துணியில் வெள்ளை எலும்புகள் அச்சடிக்கப்பட்டிருக்கும், முதுகுப் பக்கம் நாடாவால் முடியவேண்டும். என்னுடையது இளவரசி உடை, அதன் நெஞ்சிலேயே ஓர் இளவரசியின் படம் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் முகமூடிகள் உண்டு. கண்ணுக்கும் மூக்குக்கும் துளைகள், வாய்க்கு ஒரு சிறு கீறல், காதோரம் கம்பியால் பிணைத்த றப்பர் நூல். முன்புறம் ஒளிபுகும் தாள் ஒட்டிய அட்டைப்பெட்டியும் அப்படியே இருக்கிறது, அதில் பென் கூப்பர் என்ற பெயர் உள்ளது. அலங்காரங்களில் கைகால்கள் அசையும் அட்டை எலும்புக்கூடும், விரித்தால் வயிறு தேன்கூட்டுத் தாளாக உப்பி நிற்கும் கறுப்புப் பூனையும் எனக்கு மிகவும் பிடித்தவை. பூனையின் பின்புறத்தில் பைஸ்ரில் என்று சிறிய எழுத்தில் இருக்கிறது.

இவற்றை அப்பா அம்மா கடையில் வாங்கவில்லை. வாங்கும் நிலையில் அப்போது நாங்கள் இருக்கவில்லை. அதே மாடியில் குடியிருந்த ஒரு முதிய பெண்மணி, தம் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், பெட்டியோடு எங்களுக்குத் தந்தார். நவராத்திரி முடிந்த கையோடு எலும்புக்கூட்டை வீட்டுக்குள் எடுப்பதா என்று அம்மா தயங்கினார். ஆனால் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் வேடம் போட்டு வரும் நாளில் தன் பிள்ளைகள் மட்டும் வெறும் உடுப்போடு நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. சாமிப்படம் இருந்த மூலையிலிருந்து தள்ளி, குளிரங்கிகள் தொங்கும் அலுமாரியில் அந்தப் பெட்டியை வைத்தார். ஒக்ரோபர் 31ஆம் திகதி இரவில் குளிர் தாங்காது என்பதால் தடித்த குளிரங்கிக்கு மேலே அந்த மெல்லிய உடையை இழுத்து மாட்டிவிடுவார். மூச்சு முட்டி முகமூடியின் உட்புறம் ஈரமாகும். தலையணை உறையைப் பையாகப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவோம். ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவை அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து சிரித்த முகத்தோடு வரவேற்ற இரவு ஆண்டில் அது ஒன்றுதான். அதனால்தான் அவர் இவற்றை எறியவில்லை என்று நினைக்கிறேன், எனக்கும் எறிய மனமில்லை.

இப்போது முகமூடியின் றப்பர் நூல் பொடிந்துவிட்டது. என் உடையின் அச்சுப் பகுதி கையில் ஒட்டுகிறது. பூனையின் செம்மஞ்சள் நிறம் ஒரு பக்கம் மங்கியிருக்கிறது. கடலிலிருந்து சிறிது தூரத்திலேயே வீடு இருப்பதால் எல்லாவற்றிலும் உப்பீரம் படிகிறது. இவை எவ்வளவு பழையவை, இங்கே எப்படிப் பாதுகாப்பது என்று அறிந்தவர்கள் எழுதுங்கள். இங்கேயே வளர்ந்தவர்கள் உங்கள் சிறுவயது வேடங்களையும் அலங்காரங்களையும் பற்றி எழுதினால் இன்னும் மகிழ்வேன்.

பதில்: மொன்றியல் கோணேசன்

தங்கச்சி, உங்கள் அம்மா இவற்றைப் பெட்டியோடு காத்து வைத்திருக்கிறார் என்பதைப் படித்தபோது மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது. இவ்வகை உடைகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன், உடை கிடைக்கும் இடத்தில் பெட்டி கிடைப்பதில்லை. ஹலோவீன் முடிந்த மறுநாளே அதைக் கிழித்து எறிவதுதான் வழக்கம்.

பென் கூப்பர் நிறுவனம் 1937இல் நியூயோர்க்கில் தொடங்கியது. கொலிஜ்வில், ஹல்கோ ஆகிய இரண்டும் அதன் முக்கிய போட்டியாளர்கள். பெரிய கடைகளில் இந்தப் பெட்டிகள் அடுக்கடுக்காக விற்கப்பட்டன. முகமூடி செய்யும் முறை எளிமையானது. மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் வைத்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சின் வடிவத்தில் படிந்துவிடும், பிறகு வண்ணம் தெளிப்பார்கள். உடையும் அப்படித்தான். தையல் குறைவு, துணி மலிவு, பாத்திரத்தின் தோற்றத்தைத் துணியில் வெட்டித் தைப்பதற்குப் பதிலாக அதன் படத்தையும் பெயரையும் நெஞ்சில் அச்சடித்துவிடுவார்கள். உங்கள் இளவரசி உடையில் இளவரசியின் படம் இருப்பதற்கு அதுவே காரணம். இதைக் குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் அவ்வாறு கருதுவதில்லை. தொழிற்சாலைக் கூலியில் வாழும் குடும்பத்துப் பிள்ளையும் அந்த ஓர் இரவில் வேறொருவராக மாற முடிந்தது அந்த மலிவினால்தான்.

காலத்தைத் துல்லியமாகச் சொல்லப் பெட்டியின் படம் வேண்டும். பெட்டியின் ஓரத்தில் பதிப்புரிமை ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது படத்தின் உரிமை பெற்ற ஆண்டே தவிர உடை தயாரித்த ஆண்டு அல்ல என்பதையும் மனதில் வையுங்கள், ஒரே வடிவத்தைப் பல ஆண்டுகள் விற்றிருக்கிறார்கள். எப்படியும் 1992க்கு முந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம், அந்த ஆண்டில் றூபீஸ் என்ற நிறுவனம் பென் கூப்பரை வாங்கிவிட்டது. அதன் சரிவுக்கு ஒரு துயரமும் காரணமாயிற்று. 1982 இலையுதிர்காலத்தில் சிக்காகோ பகுதியில் யாரோ தைலனோல் என்ற வலிநீக்கி மாத்திரைகளில் சயனைட் கலந்ததால் 7 பேர் இறந்தார்கள். இனிப்பிலும் நஞ்சு இருக்குமோ என்று அந்த ஆண்டு பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பப் பெற்றோர் அஞ்சினார்கள், உடை விற்பனையும் விழுந்தது.

உங்கள் பூனை இன்னும் நீண்ட மரபைச் சேர்ந்தது. பைஸ்ரில் நிறுவனம் 1900இல் பென்சில்வேனியாவில் தொடங்கி, 1910இல் தேன்கூட்டுத் தாள் அலங்காரங்களை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. மெல்லிய தாள்களை அடுக்கி, மாற்றி மாற்றிக் கோடு கோடாகப் பசையிட்டு, விளிம்பை உருவமாக வெட்டிவிட்டால், விரிக்கும்போது அறுகோணக் கண்களாகத் திறக்கும். நத்தாருக்கு நம் ஊர்க் கடைகளில் தொங்கிய சிவப்புக் காகித மணியை நினைத்துப் பாருங்கள், அதே நுட்பந்தான். அசையும் எலும்புக்கூட்டின் மூட்டுகளில் சிறு உலோக வளையங்கள் இருக்கும், அவை துருப்பிடித்து அட்டையில் கறை விடுகின்றனவா என்று இன்றே பாருங்கள்.

இவற்றுக்கு முந்திய தலைமுறையினர் வேடத்தையும் அலங்காரத்தையும் வீட்டிலேயே செய்தார்கள். மாசச்சூசெற்சில் இருந்த டெனிசன் நிறுவனம் தன் கிரேப் தாளை விற்பதற்காக, ஹலோவீன் விருந்துக்கு வீட்டை எப்படி அலங்கரிப்பது, தாளிலேயே உடை எப்படிச் செய்வது என்று விளக்கும் கைநூலை 1909இல் வெளியிட்டது. ஜேர்மனியிலிருந்து காகிதக்கூழில் செய்த பூசணி முகங்களும் அமெரிக்காவுக்கு வந்தன. கண்ணுக்கும் வாய்க்கும் பின்னால் நிறத்தாள் ஒட்டி, உள்ளே மெழுகுதிரி ஏற்றுவார்கள். தாளும் தீயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, அதனால்தான் எஞ்சியவை மிகக் குறைவு.

ஒன்று கேட்க விரும்புகிறேன். கழுத்தில் தொங்கவிடும் செம்மஞ்சள் நிற யுனிசெப் உண்டியல் பெட்டி எதுவும் அந்த றங்குப்பெட்டிக்குள் இருக்கிறதா? 1950இல் பிலடெல்பியாவில் சில பிள்ளைகள் ஏனைய நாட்டுச் சிறுவர்களுக்காகச் சில்லறை சேர்க்கத் தொடங்கிய பழக்கம் அது, கனடாவில் 2006இல் பெட்டிகளை நிறுத்திவிட்டார்கள். போரிலிருந்து வந்த நம் பிள்ளைகளும் அந்தப் பெட்டியோடு கதவு தட்டினார்கள் என்பதை நான் எப்போதும் பெருமையோடு நினைக்கிறேன்.

பதில்: உவர்மலை ஓய்வுநிலை ஆசிரியர்

பிள்ளைக்கு அன்பு வணக்கம். உமது அம்மா தயங்கியதும், தயங்கியபின் விட்டுக்கொடுத்ததும் எனக்கு நன்கு விளங்குகிறது.

எங்களுக்கு ஒக்ரோபர் மாதம் என்றால் கும்பந்தான். நவராத்திரி தொடங்கியதும் ஊருக்குள் தென்னோலையால் கும்பத்து மால், அதாவது கும்பம் வைக்கும் பந்தல், கட்டுவார்கள். இளைஞர்களோடு சேர்ந்து சிறுவர்களாகிய நாங்களும் ஓலை இழுக்கவும் தோரணம் பின்னவும் ஓடித் திரிவோம். இறுதி இரவில் வேப்பிலையும் பூவும் வைத்து உயரமாகச் சோடித்த கும்பத்தைத் தலையில் ஏந்தி, உடுக்கொலிக்கு ஆடிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். அந்த இரவு மட்டும் எந்த வீட்டிலும் பிள்ளைகளை நேரத்தோடு படுக்கச் சொல்வதில்லை. ஹலோவீனும் கும்பமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஒன்று அம்மனுக்குரிய நேர்த்தி, மற்றையது பிள்ளைகளின் விளையாட்டாகிவிட்ட பழைய நாள். ஆனால் இருட்டுக்கு அஞ்சும் வயதில், பெரியவர்களின் துணையோடு இருட்டுக்குள் இறங்கி நடப்பதில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் துணிவு இரண்டிலும் இருக்கிறது. நீர் மாடிப்படிகளில் ஏறியபோது அடைந்ததை நாங்கள் பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் அடைந்தோம்.

ஹலோவீனின் வேரும் சமயத்தில்தான் இருக்கிறது என்பதை எனக்குக் கத்தோலிக்க நண்பர்கள் சொல்லித்தான் தெரியும். நவம்பர் 1ஆம் திகதி சகல புனிதர்களின் திருநாள், அதற்கு முந்திய இரவுதான் ஹலோவீன். மறுநாளான 2ஆம் திகதி இறந்தோரை நினைக்கும் நாள். அன்று இங்கே சேமக்காலைக்குச் சென்று கல்லறைகளைத் துப்புரவாக்கி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவதை நீரும் கண்டிருப்பீர். வேடம் போடும் வழக்கம் மட்டும் நம்மிடம் அந்த நாளில் இல்லை. அது இங்கே நத்தாருக்குத்தான் வந்தது. நத்தார் தாத்தா வேடமிட்டவர் காகிதக்கூழ் முகமூடியும் பஞ்சுத் தாடியுமாக மேளத்தோடு தெருவில் வருவார். அந்த முகமூடியின் கன்னம் செக்கச்செவேலென்று இருக்கும், கண் துளைக்குள்ளே தெரியும் கண்கள் பக்கத்து வீட்டு அண்ணனுடையவை என்று தெரிந்தும் அழுவோம்.

பள்ளிக்கூடத்தில் வினோத உடைப் போட்டி நடக்கும். ஒளவையார், குறவன் குறத்தி, வேடன், மீன் விற்பவர் என்பவைதான் வழக்கமான வேடங்கள். ஒளவையாருக்கு அம்மாவின் வெள்ளைச் சேலை, கோலுக்குக் கிளுவைத் தடி, நரைத்த தலைக்கு இலவம்பஞ்சு. இராசா வேடமென்றால் அட்டை முடியில் தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை ஒட்டுவோம். பட்டம் கட்டும் ரிசுப் பேப்பரில் வெசாக் கூடு செய்யச் சிங்கள நண்பர்களிடம் கற்றுக்கொண்டு, அதே தாளில் மேடைக்குத் தாமரைப் பூவும் செய்தோம்.

இவற்றில் ஒன்றேனும் இன்று என்னிடம் இல்லை. இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு புறப்பட்ட கையில் அட்டை முடிக்கு இடமிருக்கவில்லை. எஞ்சிய புகைப்படங்களை 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோயிற்று. ஆகவே பிள்ளை, உமது பெட்டியில் இருப்பது கனேடியப் பொருளாயினும் எங்கள் தலைமுறையில் ஒரு தாய் காத்துவைத்த பிள்ளைப்பருவம் என்ற வகையில் அது இந்த ஊருக்கும் உரியது. தயவுசெய்து படமெடுத்து, யார் யார் எந்த ஆண்டில் உடுத்தினார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வையும். பொருள் மட்டும் போதாது, அவருடைய சொல்லும் கூட இருக்கவேண்டும்.

பதில்: தாளோடு வாழ்பவள்

அக்கா, நான் பழைய நூல்களையும் ஆவணங்களையும் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். கையில் ஒட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள், அதைத்தான் முதலில் கவனிக்கவேண்டும்.

அது அழுக்கு அல்ல. உங்கள் உடையின் அச்சுப் பகுதி வினைலாக இருக்கவேண்டும். வினைல் எனப்படும் பிவிசி இளக்கமாக இருப்பதற்காக அதனுள் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலப்பார்கள். ஆண்டுகள் செல்ல, குறிப்பாக வெப்பத்தில், அது மெல்ல வெளியே கசிகிறது. மேற்பரப்பு பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், பின்னர் வினைல் விறைத்து வெடிக்கும். கசிந்ததை மீண்டும் உள்ளே செலுத்த முடியாது, வேகத்தைக் குறைக்க மட்டுமே முடியும். சவர்க்காரம், ஸ்பிரிற்று எதையும் போட்டுத் துடைக்கவேண்டாம். அச்சுப் பகுதியை மடித்து வைக்காதீர்கள். அதன்மேல் சாதாரணத் தாளை வைத்தால் தாள் அந்த எண்ணெயை இன்னும் இழுத்துக்கொள்ளும். கேக் செய்யப் பயன்படும் சிலிக்கன் பூசிய தாள் நகரத்துக் கடைகளில் கிடைக்கும், அதை இடையில் விரித்து, உடையைத் தட்டையாகக் கிடத்துங்கள். முகமூடியையும் உடையையும் ஒன்றோடொன்று தொடவிடாமல் தனித்தனியாக வையுங்கள், ஒரு பிளாஸ்ரிக்கின் கசிவு மற்றையதை இளக்கிவிடும்.

பூச்சி உருண்டை கட்டாயம் வேண்டாம். நம் வீடுகளில் அலுமாரிக்கும் றங்குப்பெட்டிக்கும் அதைப் போடுவது பழக்கமாகிவிட்டது. அதன் ஆவி சில வகைப் பிளாஸ்ரிக்கை இளக்கி உருக்குலைக்கும், மெல்லிய முகமூடி அப்படிப்பட்டதாக இருக்கலாம். பொடிந்த றப்பர் நூலின் துகள்களை மென்மையான தூரிகையால் அகற்றிவிடுங்கள், கம்பியை மட்டும் அப்படியே விடுங்கள். புதிய நூல் கட்டவேண்டாம், இழுவிசையில் துளையோரம் கிழியும். முகமூடியின் உட்குழிவை மெல்லிய பருத்தித் துணியை உருட்டித் தாங்கிக்கொடுத்தால் சப்பளியாது.

தேன்கூட்டுப் பூனையை விரித்தே வைக்காதீர்கள். ஈரத்தில் அதன் கண்கள் தொய்ந்துவிடும். மடித்து, அமிலமற்ற தாளுறையில் இட்டு, அட்டை இரண்டுக்கு நடுவே படுக்கவைக்கவேண்டும். ஒரு பக்கம் மங்கியது வெயிலால், போன நிறம் திரும்பாது, மற்றப் பக்கத்தையாவது இருட்டில் காப்பாற்றலாம். செலோரேப் ஒட்டிக் கிழிசலைச் சரிசெய்வதும், லமினேற் செய்வதும் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பெருங்கேடுகள், நான் வேலையில் அதிகம் வருந்தும் சேதங்கள் அவைதாம்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டின் உச்சியில் வெப்பம் ஏறும், வாடை தொடங்கினால் தரையிலும் வெளிச்சுவரிலும் ஈரம் ஏறும். ஆகவே பரணும் வேண்டாம், தரையும் வேண்டாம். வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரைத் தொடாத அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். இரும்பு றங்குப்பெட்டியை உப்புக்காற்று அரிக்கும், அதைத் தனியாகவே வைத்துக்கொள்ளலாம். தாள் பொருட்களோடு, ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பைகள் சிலவற்றை வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். இராமபாணப் பூச்சியும் கறையானும் வந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது எல்லா மருந்துகளையும்விட மேலானது.

அலஸ்தோட்டத்தாள்

மூவருக்கும் நன்றி. யுனிசெப் பெட்டி இல்லை, அண்ணா. பெட்டியின் ஓரத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன். எலும்புக்கூட்டின் வளையங்களில் இரண்டு துருப்பிடித்திருக்கின்றன, அவற்றைச் சுற்றி என்ன செய்யலாம் என்று தங்கச்சி தனியாக எழுதவேண்டும். ஆசிரியர் ஐயா சொன்னபடி அம்மாவோடு இருந்து எழுதத் தொடங்கிவிட்டேன். எலும்புக்கூட்டு உடையை முதல்முறை தம்பிக்கு உடுத்தும்போது அதன் உட்புறத்தில் சிறிது திருநீறு பூசிவிட்டதாக இப்போதுதான் சொன்னார்.

தம்பியின் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். பழைய முகமூடிகளை அவர்கள் பார்க்கலாம், ஆனால் அணியவிட மாட்டேன். அவர்களுக்காகப் புதிதாகச் செய்ய விரும்புகிறேன். ஐயா, அந்த நத்தார் தாத்தா முகமூடியை எப்படிச் செய்தார்கள்?

உவர்மலை ஓய்வுநிலை ஆசிரியர்

களிமண்ணில் முகத்தைப் பிடித்து, மூக்கையும் கன்னத்தையும் தேவைக்கு மேல் சற்றுப் பெரிதாக வையும். தாள் படியும்போது அவை சிறுத்துத் தெரியும். மண் சற்று இறுகியதும் மேலே தேங்காயெண்ணெய் பூசும். பத்திரிகைத் தாளைக் கையால் கிழிக்கவேண்டும், கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு எடுத்துக்காட்டும். முதல் அடுக்கைத் தண்ணீரில் மட்டும் நனைத்து ஒட்டும், அடுத்தவற்றைக் கோதுமை மாவில் காய்ச்சிய பசையால் ஒட்டும். ஓர் அடுக்குக்கு வெள்ளைத் தாளும் அடுத்ததற்குப் பத்திரிகைத் தாளும் என்று மாற்றிக்கொண்டால் எங்கே விடுபட்டது என்பது தெரியும். ஆறேழு அடுக்குப் போதும். பசை காய்ச்சும்போது சிறிது துரிசு போட்டால் பூச்சி வராது என்பார்கள், அது நஞ்சு, பிள்ளைகள் முகத்தில் வைக்கும் பொருளுக்கு வேண்டாம். நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டுக் கழற்றி, ஓரத்தைச் சீராக்கி, வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டும். வாடை மழை தொடங்குமுன் செய்து முடியும், அதன் பின்னர் தாள் காயாது, உட்புறம் பூஞ்சணம் பிடித்துவிடும்.